சம்பந்தி வீட்டுச் சுவரில் என் முதுகு

பேசத் தெரியாத ஆளை வெளியூருக்கு அனுப்பக் கூடாது என்பது என் மனைவியின் கருத்து. ஆனால் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டவளும் அவள்தான். மகன் குமரனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே பினாங்கிலிருந்து திருவண்ணாமலைக்கு நான் ஒருவனே புறப்பட்டேன். குமரனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் வீட்டாரோடு வெற்றிலை பாக்கு மாற்றி, கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

“பேசுறதெல்லாம் ஆறுமுகம் பேசிக்குவாரு. நீங்க சிரிச்சா போதும்” என்று சொல்லி அனுப்பினாள்.

ஆறுமுகம் எனக்கு மச்சான் முறை. எங்கள் முன்னோர்கள் கப்பலேறியபோது ஏறாமல் நின்றுவிட்ட கிளை. அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கிறார். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான்.

நான் போய் இறங்கிய நாள் பௌர்ணமி. அதை அவர் போனில் சொன்னாராம், நான் ‘சரி’ என்றேனாம். பஸ் ஊருக்குள் போகாது என்று வெளியே ஒரு பொட்டலில் இறக்கிவிட்டார்கள். ஆட்டோவும் கிடையாது. என் போனோ இந்த நாட்டில் இறங்கியதிலிருந்து ஊமையாகிவிட்டது. எங்கே பார்த்தாலும் தலைகள். எங்கள் ஊர்த் தைப்பூசத்தைவிடப் பெரிய கூட்டம் கிடையாது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அது வருஷத்துக்கு ஒரு நாள். இங்கே மாதா மாதம் இப்படித்தானாம்.

டீக்கடைக்காரர் ஒருவரிடம் செங்கம் ரோட்டுக்கு வழி கேட்டேன்.

“அப்படியே ஜனத்தோட போய்க்கினே இருங்க” என்றார்.

போய்க்கொண்டே இருந்தேன். என்னோடு சக்கரம் வைத்த பெட்டி ஒன்றும் வந்தது. உள்ளே பெண்ணுக்குப் பட்டுப்புடவை, பிஸ்கட் டின்கள், தைலப் புட்டிகள். தார் ரோட்டில் அது கடகடவென்று போட்ட சத்தத்தில் முன்னால் போனவர்கள் தேர் வருகிறதோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

“மலைய சுத்தறப்ப காலுல ஷூவா? கழட்டுப்பா” என்று ஒரு அம்மாள் அதட்டினார். நான் ஏன் நடக்கிறேன் என்று விளக்க நாலு வாக்கியமாவது வேண்டும். ஷூவைக் கழற்றுவது சுலபம். கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். கொஞ்ச தூரத்தில் பருத்திப் புடவை கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசிய வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் என்னை நிறுத்தி, “ஐயா, எடது பக்கமா நடங்க. வலது பக்கம் சித்தருங்க நடப்பாங்க” என்றார். என் தமிழைவிட அவருடையது தெளிவாக இருந்தது. சித்தர்கள் காலில் சக்கரம் ஏறாதபடி பெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

கூட வந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரமாகப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டார்: “பெட்டிய இழுத்துக்கினு சுத்தறதா வேண்டுதலுங்களா?”

நான் சிரித்தேன். சிரித்தால் போதும் என்றுதானே உத்தரவு.

“இன்னா வேண்டுதலுங்க?”

“பையனுக்குக் கல்யாணம்” என்றேன். அது உண்மைதான்.

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் ஒரு சிறு கூட்டம் சேர்ந்துவிட்டது. “வெளிநாட்டுல இருந்து இழுத்துக்கினு வராராம்” என்று யாரோ சொல்வது காதில் விழுந்தது. ஒரு அம்மாள் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடி அண்ணாமலையில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்த ஒருவர், விசிறியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். ஆறுமுகம்! போட்டோவில் பார்த்ததைவிடக் குண்டு.

“மச்சான்! இங்க எங்க வந்தே? அவங்க வூடு செங்கம் ரோட்டுல, ஆசிரமம் தாண்டுனதும் இல்ல இருக்குது? அதைத் தாண்டித்தானே வந்திருப்பே!”

“திரும்பிப் போறேன்” என்று பெட்டியைத் திருப்பினேன்.

அவர் பதறிப்போய் என் தோளைப் பிடித்தார். “கிரிவலத்துல எதிர்க்க நடக்கக் கூடாதுய்யா! இவ்ளோ ஜனமும் உன்மேல ஏறிப்புடும். பாதி வந்துட்டே. மீதியும் சுத்திட்டுப் போயிடு. நானும் வருவேன், கடைய விட முடியாது பாரு.” கையில் ஒரு சோளக்கதிரைத் திணித்தார். உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தேய்த்தது. எங்கள் ஊரில் வெண்ணெய் தடவுவார்கள். இதுதான் மேல்.

மீதியையும் சுற்றினேன். ஒரு சக்கரம் எங்கோ விடைபெற்றுக்கொண்டது. மலை மட்டும் எந்தப் பக்கம் திரும்பினாலும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் மறுபடியும் செங்கம் ரோட்டுக்கு வந்து, ஒற்றைச் சக்கரத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டு வாசலில் நின்றேன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்திருந்தவர்தான் சம்பந்தி கோதண்டம். ஊரில் பிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருப்பவர். பிறந்தநாள், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் ஆளுயரத்துக்கு அடித்துக் கொடுப்பார். என் வெறுங்காலையும் புழுதியையும் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே திரும்பிக் கத்தினார்:

“மல்லிகா! சம்பந்தி மலைய சுத்திட்டுத்தான் வூட்டுக்குள்ள கால வைப்பேன்னு வந்திருக்காரு பாரு! இன்னா பக்தி!”

நான் சிரித்தேன்.

அவர் மனைவி மல்லிகா காலுக்குத் தண்ணீர் ஊற்றினார். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

கூடத்துச் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரைவரை, எங்கள் பங்களா நின்றுகொண்டிருந்தது.

எங்கள் பங்களா என்று பழக்கத்தில் சொல்கிறேன். அது என் சீன முதலாளியின் பாட்டனார் கட்டிய மாளிகை. கூரையில் டிராகன்கள், வாசலில் பொன்னெழுத்துப் பலகை, உள்ளே முற்றம், சுழல் படிக்கட்டு. இப்போது அங்கே யாரும் குடியில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் அதன் காவல்காரன், எங்கள் பேச்சில் ஜாகா. பெருக்குவது, துடைப்பது, சன்னல் கழுவுவதும் நானே. பின்கட்டில் இரண்டு ரூமும் ஒரு சமையலறையும் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

“எப்படி?” என்றார் கோதண்டம். “மாப்பிள்ளை பொண்ணுக்கு அனுப்புன போட்டோதான். சின்னதா போன்ல இருந்தா யாருக்குத் தெரியும்? எங்கிட்ட ஒரு போட்டோ வந்தா கை சும்மா இருக்காதுங்க, பெருசாக்கிடுவேன். வாங்க, வாங்க, வூட்ட சுத்திக் காட்டறேன்.”

காட்டினார். மாடிப்படிச் சுவரில் எங்கள் சுழல் படிக்கட்டு. படுக்கையறையில் முற்றம். பிரிட்ஜின் கதவில் எங்கள் மரச்சன்னல். அந்தச் சன்னலைத் திறந்தால் தக்காளியும் மோரும் இருந்தன. சமையலறை மேடைக்கு மேலே எங்கள் பூ ஓடுகள். கடைசியில் கக்கூஸ் கதவு. அதில் பங்களாவின் பெரிய வாசற்கதவை ஒட்டியிருந்தார், பொன்னெழுத்துப் பலகையோடு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அந்த வாசல் வழியாக நிமிர்ந்து நடந்து போனதில்லை. துடைத்துவிட்டுப் பக்கவாட்டில் போய்விடுவேன். அன்று அவசரம். திறந்துகொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது மல்லிகா கூடத்துப் படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தார். டிராகனின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. “யாளி மாதிரி இருக்குதுண்ணா. வெள்ளிக்கிழமை ஆனா வச்சிடுவேன். இன்னிக்குப் பௌர்ணமி வேற” என்றார். பிறகு படத்தின் மூலையைக் காட்டினார். “அதோ, ஏணிமேல நின்னு சன்னல் தொடைக்கிறாரே, அவரு உங்க வேலையாளுங்களா?”

கிட்டே போய்ப் பார்த்தேன். பனியன், கைலி, தோளில் துணி. இடது கை சன்னலைப் பிடித்திருக்கிறது, வலது கால் ஏணியிலிருந்து கொஞ்சம் தூக்கியிருக்கிறது. முகம் தெரியவில்லை. முதுகு மட்டும். போனில் எறும்பளவு இருந்திருக்கும். கோதண்டம் கைபட்டு முழ உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

நான்தான் அது.

“ஆமாங்க” என்றேன்.

“ரொம்ப நாளா இருக்காரா?”

“ரொம்ப நாளா.”

“நல்ல ஆளுங்களா?”

யோசித்தேன். “பரவாயில்லைங்க. பேச மாட்டாரு.”

மறுநாள் காலை கோதண்டம் தன் வீட்டு இன்டர்நெட் இணைப்பை என் போனுக்குக் கொடுத்தார். முதல் வேலையாக மனைவி கூப்பிட்டாள். பங்களாவே நம்முடையது என்று இவர்கள் நினைத்திருப்பதைச் சொன்னேன்.

“வெத்தல பாக்கு மாத்துறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க” என்றாள். “இந்த வீடு நம்மளுது இல்ல, பின்னாடி ரெண்டு ரூம்தான் நம்மளுதுன்னு. கேட்டுட்டு வேணாம்னு சொன்னாங்கன்னா வந்துடுங்க. ஏமாத்திப் பொண்ணு எடுத்தோம்னு பேர் வரக் கூடாது. குமரன் பாவம், அந்தப் பொண்ணுமேல உசுரா இருக்கான். அதுக்காக மறைக்க முடியுமா?”

முடியாதுதான். ஆனால் சொன்ன பிறகு அந்தப் பெண் நமக்கில்லை என்று ஆகிவிட்டால் மகன் முகத்தில் எப்படி விழிப்பது? யோசனையாகவே இருந்தது. யோசனை வந்தால் என் கை சும்மா இராது. வாசலில் கிடந்த துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்துவிட்டேன். பாதி வாசல் பெருக்கியபோது மல்லிகா வெளியே வந்து, “ஐயய்யோ! அண்ணா!” என்று அலறித் துடைப்பத்தைப் பிடுங்கினார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

“பாத்துக்கங்க” என்று அவர்களிடம் கோதண்டம் சொன்னார். “அவ்ளோ பெரிய பங்களாக்காரரு. பெருமை இருக்குதா பாரு.”

சாப்பிடும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் வைத்தார்கள். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. இந்த ஊரில் எதற்கும் மல்லாட்டைதான். “காரம் ஜாஸ்தியா, கம்மியா?” என்று மல்லிகா கேட்டார். மூன்று இட்லி வரைக்கும் தைரியம் வரவில்லை. நாலாவதில் வந்தது.

“ஐயா. அது என் வீடு இல்லைங்க.”

கோதண்டத்தின் கை இலையில் நின்றது. என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்திருக்கப் போனேன்.

“கேட்டியா மல்லிகா?” என்றார். “அவ்ளோ பெரிய வூட்ட வச்சிக்கினு ‘என்னுது இல்ல’ன்றாரு. நாம ஒரு கிரவுண்டு இடத்துக்குக் கோர்ட்டுக்குப் போறோம். உண்மைதானுங்க சம்பந்தி. எதுவும் நம்மளுது இல்ல. எல்லாம் அண்ணாமலையாருது.” கையை உயர்த்தி மலை இருக்கும் திசையில் கும்பிட்டார். மல்லிகாவும் கும்பிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நானும் கும்பிட்டேன்.

மத்தியானத்துக்குள் இந்த வாக்கியம் தெரு முழுக்கப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து தன் முதுகு வலிக்கு என்னிடம் விபூதி கேட்டார். பெட்டியிலிருந்து ஒரு தைலப் புட்டியை எடுத்துக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் வலி போய்விட்டது என்று அவர் வேறு பரப்பிவிட்டார்.

சாயங்காலம் பெண் சுகந்தி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, மாடிப்படி ஓரமாக மெல்லப் பேசினாள்.

“மாமா, எனக்கு எல்லாம் தெரியும். அவரு மொதல் நாளே சொல்லிட்டாரு. ‘எங்கப்பா வேலை செய்யற இடம்’னு எழுதித்தான் போட்டோவே அனுப்புனாரு.”

எனக்கு மூச்சு வந்தது. “அப்பாகிட்ட சொல்லலியாம்மா?”

“ரெண்டு தரம் சொன்னேன். ‘மாப்பிள்ளைக்கு அடக்கம் ஜாஸ்தி, சொந்த வூட்டையே வேலை செய்யற இடம்னு சொல்றாரு’ன்னு சொல்லி இன்னும் நாலு படம் பெருசாக்கி ஒட்டிட்டாரு. நீங்கதான் புரியிற மாதிரி சொல்லணும். மாமாவுக்கு வேற விஷயம் போச்சுன்னா எங்க அப்பாவ ஒரு வழி பண்ணிடுவாரு.”

மாமா என்றது மல்லிகாவின் தம்பி தேவராஜை. அவர் கட்டட கான்டிராக்டர். இந்த வீட்டைக் கட்டியவரும் அவர்தான். அன்றைக்கே என்னைப் பார்க்க வந்தார். சுவரருகில் நின்று பங்களாவைத் தட்டிப் பார்த்தார். “அஸ்திவாரம் எவ்ளோ ஆழங்க? தூணு கருங்கல்லா, சுதையா?” என்று குறுக்குக் கேள்வி கேட்டார். தூண் எதனால் ஆனது என்று எனக்குத் தெரியாது. அதன் இடுக்கில் எவ்வளவு தூசி சேரும் என்றுதான் தெரியும். “நல்ல தூணுங்க” என்றேன். அவர் சந்தேகமாகத் தலையாட்டினார். “இதே மாதிரி முகப்பு, எலிவேஷன், நானும் குடுப்பேன். பார்ட்டி அமையல.”

மூன்றாம் நாள் கோதண்டம் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆசிரமத்துப் பக்கம் போனார். அங்கே ஒரு காபிக்கடைக்குப் பெயர்ப்பலகை அடித்திருந்தாராம். வழியில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. அவர் முன்னால் தள்ள, நான் பின்னால் தள்ள, எதிரில் வந்தவர்களிடமெல்லாம், “எங்க சம்பந்தி, பினாங்கு, பங்களா” என்று அறிமுகம் செய்துகொண்டே போனார். வியர்த்துப்போய் ஸ்கூட்டர் தள்ளுகிறவனைப் பங்களாக்காரன் என்று ஊரே நம்பியது. இதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்?

அந்தக் கடையில் வெள்ளைக்காரர்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையால் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நாற்காலியில். காபி என்று கேட்டால் பாலா, பாதாம் பாலா, ஓட்ஸ் பாலா என்றார் பரிமாறுகிறவர். நான் தலையாட்டியதில் மூன்றாவது வந்துவிட்டது. பக்கத்தில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இங்கே அண்ணாமலையார் குறுக்கே வர முடியாதபடி சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். வாக்கியத்தை ராத்திரியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

“ஐயா, நான் அங்க வெறும் வேலைக்காரன்.”

கோதண்டம் கோப்பையைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நானும் வேலைக்காரன்தாங்க” என்றார். “நாம எல்லாரும் அவனுக்கு வேலைக்காரங்கதான். எனக்கு இது இப்பத்தான் புரியுது. உங்களுக்கு எப்பவோ புரிஞ்சிருக்குது.”

தாடிக்காரர் கண்ணைத் திறந்தார். அவருக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது. எழுந்து வந்து என் முன்னால் குனிந்து கும்பிட்டார்.

அன்று மனைவி கூப்பிட்டு, “சொல்லிட்டீங்களா?” என்றாள்.

“ரெண்டு தடவ சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“கும்பிடுறாங்க.”

அவள் போனை வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் வெற்றிலை பாக்கு. முந்தின ராத்திரி நல்ல மழை. கூடத்தில் ஜமக்காளம் விரித்துச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பங்களாவின் வலது ஓரத்தை ஒட்டி நாற்காலி போட்டு தேவராஜ் உட்கார்ந்திருந்தார். நடுவில் தட்டுகள். என் தட்டில் புடவை, பழம், பூ, பிஸ்கட் டின். ஆறுமுகம் வேட்டி சட்டையில் பளபளவென்று வந்திருந்தார். அவரைத் தனியாக இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“நான் ‘பெரிய பங்களாவுல இருக்காங்க’ன்னுதான் சொன்னேன்” என்றார் அவர். “அவங்க பங்களான்னு சொன்னேனா? இன்னும் கொஞ்ச நேரம்தான் மச்சான். தட்டு மாத்துனதுக்கு அப்பறம் பாத்துக்கலாம்.”

“முன்னாடி சொல்லணும்.”

“அப்ப நீயே சொல்லு” என்று போய் உட்கார்ந்துகொண்டார். பேசுவதற்கென்று வந்த ஆள்.

கோதண்டம் தட்டைக் கையில் எடுத்தார். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன. அப்போது மேலே ‘சளக்’ என்று ஒரு சத்தம். பங்களாவின் வலது மேல்மூலை சுவரைவிட்டுக் கழன்று, டிராகனும் குங்குமமுமாக தேவராஜ் தலைமேல் கவிந்தது.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். “கடைப் பையனைக் கூப்புடு!” என்று கோதண்டம் கத்தினார். கழன்று தொங்கும் எதையும் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. பூத்தோரணம் கட்டக் கொண்டுவந்த ஏணி ஓரமாகத்தான் நின்றது. மனைவி வாங்கிக்கொடுத்த புதுச் சட்டையில் பசை படக் கூடாதே என்று கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தேன். மேசைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். இடது கையால் படத்தைப் பிடித்துக்கொண்டு, வலது காலைக் கொஞ்சம் தூக்கி எட்டி, துணியால் அழுத்தித் துடைத்தேன். கை ஈரமானது. காகிதத்துக்குப் பின்னால் சுவர் முழுக்க ஓதம். பாசி பிடிக்காத குறை.

பின்னால் பேச்சு ஒவ்வொன்றாக அடங்குவது கேட்டது.

“அண்ணா” என்றார் மல்லிகா. “அப்படியே நில்லுங்க.”

நின்றேன். என் முழங்கைக்குப் பக்கத்தில் படத்திலிருந்த ஏணிக்காரர், அதே பனியன், அதே துணி, அதே தூக்கிய கால்.

“பேச மாட்டாருன்னு சொன்னீங்களே, அவரு நீங்கதானா?”

“ஆமாங்க.”

ஏணிமேல் எனக்குப் பேச்சு வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. முகம் சுவரைப் பார்த்து இருந்ததால் இருக்கலாம்.

“அந்த வீடு எங்க முதலாளியோடது. நான் அங்க ஜாகா. காவல்காரன். அண்ணாமலையாருக்கு இல்லைங்க, ஒரு சீனருக்கு வேலைக்காரன். பின்னாடி ரெண்டு ரூம் குடுத்திருக்காங்க. மழை பெய்ஞ்சா ஒண்ணு ஒழுகும். குமரன் பேக்டரியில வேலை செய்றான், நல்ல பையன். உங்க பொண்ணு அந்த ரெண்டு ரூமுக்குத்தான் வரணும். தட்டு மாத்துறதுக்கு முன்னாடி யோசிச்சுக்குங்க. வேணாம்னா நான் இறங்கி, சட்டையப் போட்டுக்கிட்டுப் போயிடுறேன்.”

வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசிய பெரிய பேச்சு இதுதான்.

“அதானே பாத்தேன்!” என்றார் தேவராஜ், தலையிலிருந்து பசையைத் துடைத்துக்கொண்டே. “தூணு இன்னான்னு கேட்டதுக்கு ‘நல்ல தூணு’ன்றாரு! சொந்தமா ஒரு வூடு இல்லாத எடத்துல பொண்ணு குடுக்கறதா? தட்டக் கீழ வை மாமா!”

“டேய், நீ வாய மூடு” என்றார் மல்லிகா. அவ்வளவு நாளும் மெல்லிசாகக் கேட்ட குரல் அது இல்லை. “அவரு பின்னாடி பாரு. நீ கட்டுன செவுரு. வூடு கட்டி ரெண்டு மழை தாங்கல. எத்தினி தரம் பெயிண்டு அடிச்சோம்? சொந்தத் தம்பி கட்டுன லட்சணம் வெளிய தெரியக் கூடாதுன்னு அவங்க பங்களாவ ஒட்டி மறைச்சி வச்சிருக்கறோம். நீ அவருக்கு வூட்டப் பத்திச் சொல்றியா?”

யாரோ ஒருவர் சிரித்தார். தேவராஜ் உட்கார்ந்துவிட்டார்.

கோதண்டம் மட்டும் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. “ஊரு பூரா சொல்லிட்டேனே” என்று அவர் முனகுவது கேட்டது. பிறகு பெருமூச்சு விட்டார். “அவரு மேல தப்பு இல்ல. ரெண்டு தரம் சொன்னாரு. நான்தான் நடுவுல அண்ணாமலையார இழுத்துட்டேன்.”

“நானும் ரெண்டு தரம் சொன்னேம்பா” என்றாள் சுகந்தி.

“நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கேன்?” என்றார். “உனக்கு இன்னாம்மா, அந்த ரெண்டு ரூமு போதுமா?”

“எனக்கு மொதல்லயே அந்த ரெண்டு ரூமு போட்டோவும் வந்துச்சுப்பா. அதை நீ பெருசாக்கல.”

கூடமே சிரித்தது. கோதண்டமும் சிரித்தார். “சரி, எறங்குங்க சம்பந்தி” என்றவர், நான் ஒரு படி இறங்குவதற்குள், “இருங்க, இருங்க! அப்படியே கொஞ்சம் திரும்புங்க” என்றார். திரும்பினேன். போனைத் தூக்கி ஒரு படம் எடுத்துக்கொண்டார். “பழக்கமுங்க” என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

தட்டு மாற்றினோம். சட்டையைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டேன்.

மனைவி கூப்பிட்டபோது, “சொல்லிட்டேன். தட்டு மாத்தியாச்சு. தை மாசம் கல்யாணம்” என்றேன்.

“எப்படிச் சொன்னீங்க?”

“ஏணிமேல ஏறி.”

“அங்கேயுமா ஏறுனீங்க?” என்று கேட்டுவிட்டு அழுதாள். அப்புறம் சிரித்தாள்.

மறுநாள் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் புறப்பட்டேன். சம்பந்தி காலையிலேயே கடைக்குப் போனவர், பஸ் ஸ்டாண்டில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மடியில் மல்லாட்டை ஒரு பை, காலடியில் ஒற்றைச் சக்கரப் பெட்டி. தெருமுனையில் திரும்பும்போது பார்த்தேன். இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே மை காயாத புது பிளெக்ஸ். அதில் பனியனோடு, தோளில் துணியோடு, ஏணிமேல் நின்று திரும்பிப் பார்க்கும் ஒரு மனிதர், தென்னை உயரத்துக்கு. பின்னால் பாதி டிராகன், பாதி ஓதம். மேலே பெரிய எழுத்தில், ‘பினாங்கு சம்பந்தி அவர்களே, வருக வருக.’ நான் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

“யாருங்க இவரு, புதுசா இருக்காரு?”

“நான்தாங்க” என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிளெக்ஸைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து, முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“எந்தக் கட்சிங்க?”

“மாப்பிள்ளை வீட்டுக் கட்சி” என்றேன்.